அசையாமல் நின்றால் குறையா?

டிஸ்னி படங்களில் அசைவு வழவழவென்று இருக்கிறது, ஜப்பானிய கார்ட்டூனான அனிமேவில் பாதி நேரம் வாய் மட்டும்தான் அசைகிறது என்று, இரண்டையும் ஒப்பிடும் ஒரு கட்டுரையில் அதை எழுதியவர் குறைப்படுகிறார். சரி, உண்மைதான். 1963இல் ஜப்பானியக் கார்ட்டூன் கலைஞர் ஒசாமு டெசுகா 'ஆஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சித் தொடரை வாராவாரம் தர வேண்டியிருந்தது. கையில் காசும் இல்லை, நேரமும் இல்லை. ஒரே ஓவியத்தை மூன்று ஃபிரேமுக்கு, அதாவது திரையில் அடுத்தடுத்து ஓடும் மூன்று படங்களுக்கு, நிறுத்தினார்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினாலும் புது ஓவியம் எட்டுதான். பற்றாக்குறையே பாணியாகிவிட்டது!

ஆனால் 'மை நெய்பர் டோட்டோரோ' என்ற அனிமே படத்தின் பேருந்து நிறுத்தக் காட்சியைப் பாருங்கள். இருட்டு, மழை, முதுகில் தூங்கும் தங்கை, குடைமேல் விழும் துளிச் சத்தம். மேற்கத்தியப் படமாயிருந்தால் அந்த அமைதியை விட்டுவைக்காமல் அங்கே ஒரு பாட்டு வந்திருக்கும். அப்புறம், சிரிக்க மட்டும் எனக்கு இன்றும் 'டாம் அண்ட் ஜெர்ரி'தான். அந்த அடிவாங்கும் டைமிங் அனிமேவில் கிடைக்கவில்லை.