ஒத்துழைக்கவில்லை

அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை ஆராய்கிற ரிசர்ச் ஃபெல்லோ என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டால் அடுத்த கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "இதுல ஏமாத்தி வாங்குறவங்க எத்தனை பேர் இருப்பாங்க?" ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்பார், சொந்தக்காரர் கேட்பார், சில சமயம் ஆய்வுக்கு நிதி தருகிறவர்களே கேட்பார்கள். தகுதி இருந்தும் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று இந்த மூன்று வருடத்தில் கேட்டவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

கேட்கிறவர்களையும் குறை சொல்ல முடியாது. தகுதியில்லாமல் உள்ளே வந்தவருக்குப் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, தேடினால் அகப்படுவார். வெளியிலேயே நின்றுவிட்டவரைத் தேடுவதற்கு எங்கள் தரவில் ஒரு வரிகூட இருக்காது.

சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை, உதவி நிறுத்தப்பட்டவர்களின் கோப்பைச் சுத்தம் செய்வது. எக்செல்லில் 'நிறுத்தக் காரணம்' என்று ஒரு நெடுவரிசை. வருமானம் கூடியது, இடம் மாறினார், இறந்தார் என்று இறங்கிக்கொண்டே போகும். அதில் அடிக்கடி கண்ணில் பட்டது 'ஒத்துழைக்கவில்லை'. சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்த வரிகளை எல்லாம் வடிகட்டி எடுத்துவிட்டேன். இரண்டு கிளிக், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நேர்காணலுக்காக அந்தப் பட்டியலில் இருந்த ஒரு அம்மாவுடன் போனில் பேச வேண்டி வந்தது. காரணத்தைப் படித்துக் காட்டினேன். "நான் என்ன தம்பி ஒத்துழைக்கல? லெட்டரே வரலியே" என்றார். கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. பத்து நாளில் பதில் வரவில்லை, கோப்பை மூடிவிட்டார்கள். பணம் வராத மாதத்தில்தான் அவருக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. மறுபடி விண்ணப்பிக்கலாமே என்றேன். "முதல்லேர்ந்தா?" என்று சிரித்தார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒருவர் கதையை வைத்துக்கொண்டு பேசலாமா என்றால், நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தைப் பாருங்கள். ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடு வேண்டுமென்றால் மாதம் 80 மணி நேரம் வேலை, பயிற்சி, தொண்டு என்று எதிலாவது இருந்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2018இல் விதி கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் இணையத்தில் மட்டும்தான் பதிய முடியும். அந்த இணையதளமோ இரவு 9 மணிக்கு மூடி காலை 7 மணிக்குத்தான் திறக்கும்! அந்த வருடத்துக்குள் சுமார் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள். ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தால், விதி குறிவைத்தவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் ஏற்கெனவே விதிப்படி நடந்துகொண்டிருந்தவர்கள், அல்லது விலக்குக்குத் தகுதியானவர்கள். விதியால் வேலைக்குப் போகிறவர்களும் கூடவில்லை. 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது.

உதவி வாங்கியவர்கள் கூடுதலாக வாங்கிவிட்டார்களா என்று கணினியே கணக்குப் போட்டுப் பார்த்த ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெப்ட்' இன்னும் மோசம். ஒருவரின் வருட வருமானத்தை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 26 சம பங்காகப் பிரித்து, ஒவ்வொரு இரு வாரமும் அவ்வளவு சம்பாதித்தார் என்று கணினி வைத்துக்கொண்டது. ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு ஆறு மாதம் உதவியில் இருந்தவர், உதவி வாங்கும்போதும் சம்பாதித்தவராகத் தெரிவார். உடனே பணத்தைத் திருப்பிக் கட்டு என்று நோட்டீஸ். எட்டாம் வகுப்புக் கணக்கில்கூட இப்படிச் சராசரி போட்டால் வாத்தியார் மதிப்பெண் தரமாட்டார். லட்சக்கணக்கானவர்களைப் பாடுபடுத்தியபிறகுதான் அது கைவிடப்பட்டது. 2023இல் அரச விசாரணை ஆணையம் கிழித்துத் தொங்கவிட்டது.

படிவம் இல்லாமலும் உதவி போய்ச் சேரும். 2021இல் அமெரிக்கா குழந்தைகளுக்கான வரிச் சலுகையை மாதாந்தரப் பணமாக அனுப்பியபோது, வரித்துறையிடம் ஏற்கெனவே இருந்த விவரத்தை வைத்தே பெரும்பாலான குடும்பங்களுக்குப் போய்விட்டது. உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுகோலில் குழந்தை வறுமை அந்த வருடம் 5.2 சதவீதம். அதை நிறுத்திய அடுத்த வருடம் 12.4. கொரோனா கால மற்ற உதவிகளும் அப்போது நின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சொல்ல வெட்கம்தான். என் ஃபெல்லோஷிப் பணமும் ஒருமுறை இரண்டு மாதம் நின்றது, படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதால். யாரைப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், கையில் சேமிப்பும் கொஞ்சம் இருந்தது. அப்படியும் தூக்கம் போய்விட்டது.

என் வாதம் இதுதான்: ஒவ்வொரு திட்டத்தின் ஆண்டறிக்கையிலும் மோசடி எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணையும் அச்சடிக்க வேண்டும். காகிதக் காரணத்துக்காக நிறுத்தப்பட்டு, மூன்று மாதத்துக்குள் அதே வருமானத்தோடு திரும்ப வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் நடுவில் தகுதி இழக்கவே இல்லை. நாம்தான் அதுவரை பட்டினி போட்டோம். இந்த எண்ணுக்குப் புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை, இருக்கிற கோப்பிலேயே எடுத்துவிடலாம்.

இப்போது அதே கோப்பில் வடிகட்டியைத் திருப்பிப் போட்டு 'ஒத்துழைக்கவில்லை' வரிகளை மட்டும் எடுத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். அறிக்கையில் இதற்கு இரண்டு பக்கம் கேட்டிருக்கிறேன். பின்னிணைப்பில் போடலாமே என்று பதில் வந்திருக்கிறது. இன்னும் சண்டை முடியவில்லை.