இரண்டு வாரத்தில் அப்பா ஆகிவிட முடியுமா?

2009-ல் வந்த 'ஓல்ட் டாக்ஸ்' என்ற ஹாலிவுட் காமெடிப் படத்தின் பெயரை எடுத்தாலே 'செம மொக்கை' என்றுதான் பதில் வரும். விமர்சனங்களைத் தொகுத்து, எத்தனை சதவீதம் பாராட்டு என்று கணக்குச் சொல்லும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் அதற்குக் கிடைத்தது 5 சதவீதம். மோசமான படங்களுக்குக் கொடுக்கிற ராஸி விருதுகளில் மோசமான படம், மோசமான நடிகர், மோசமான துணை நடிகை, மோசமான இயக்குநர் என்று நான்கு பிரிவுகளில் பரிந்துரையானது. படம் மோசம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதனால் மோசம் என்பதில்தான் விமர்சகர்களோடு எனக்குச் சண்டை.

கொரில்லாவைத் திட்டினார்கள், பெங்குயினைத் திட்டினார்கள், ஜெட் பேக் மாட்டிக்கொண்டு பறக்கிற கிளைமாக்ஸைக் கிழித்தெடுத்தார்கள். எனக்கு அதெல்லாம் பெரிய குற்றமாகவே தெரியவில்லை. குழந்தைகள் பார்க்கிற படத்தில் கொரில்லா வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். ஆனால், பிள்ளையே வேண்டாம் என்று இருந்த ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாக நிஜமான அப்பாவாக மாறுகிற கதையை எடுத்துக்கொண்டு, அந்த மாற்றத்தை மட்டும் காட்டாமலே படத்தை முடித்துவிட்டார்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டான் (ராபின் வில்லியம்ஸ்), சார்லி (ஜான் டிரவோல்டா) இருவரும் நெடுங்கால நண்பர்கள், விளையாட்டு மார்க்கெட்டிங் கம்பெனி நடத்துபவர்கள். விவாகரத்தாகி நொந்துபோயிருந்த டானைத் தேற்றுவதற்காகச் சார்லி மயாமியின் சவுத் பீச்சுக்கு அழைத்துப்போகிறான். அங்கே விக்கி என்ற பெண்ணோடு திடீர்க் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே அது செல்லாது என்று ரத்தும் ஆகிவிடுகிறது. ஏழு வருஷம் கழித்து விக்கி வந்து நிற்கிறாள். உனக்கு இரட்டைக் குழந்தைகள் இருக்கிறார்கள், பையன் ஸாக், பெண் எமிலி என்கிறாள். சுற்றுச்சூழல் போராட்டத்துக்காக அவள் இரண்டு வாரம் சிறைக்குப் போக வேண்டும். அதுவரை பிள்ளைகளை நீ பார்த்துக்கொள் என்கிறாள். அதே நேரத்தில் ஒரு ஜப்பானியக் கம்பெனியோடு நண்பர்களின் மிகப் பெரிய பிசினஸ் டீல் முடியும் கட்டத்தில் இருக்கிறது.

நல்ல கதையா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். ராபின் வில்லியம்ஸுக்கு அப்போது 58 வயது, டிரவோல்டாவுக்கு 55. முதுமையின் வாசலில் நிற்கிற இரண்டு ஆண்கள். அதில் ஒருவனுக்கு ஒரே நாளில் இரண்டு பிள்ளைகள். இதில் எழுதுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. ஏழு வருஷம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஒரு மனிதனுக்குக் கோபம் வராதா? இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று அந்தக் குழந்தைகள் கேட்க மாட்டார்களா? படத்தில் இந்தக் கோபங்கள் எதற்கும் இடம் இல்லை. டான் சம்மதிப்பதே விக்கியோடு மறுபடி சேர்ந்துவிடலாம் என்ற நப்பாசையில்தான். அதில்கூடத் தப்பில்லை, மனுஷன்தானே. ஆனால் அந்தக் குழந்தைகள் விக்கியை அடைவதற்கான வழியாக வந்தவர்கள் இல்லை, தன் பிள்ளைகள் என்று அவன் எந்த இடத்தில் உணர்கிறான்? அந்த இடத்தைப் படம் முழுக்கத் தேடினேன்.

கிட்டத்தட்ட ஒரே ஒரு காட்சியில் அது கைக்கு எட்டும் தூரத்தில் வருகிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எமிலிக்கு இளவரசி மாதிரி தேநீர் விருந்து விளையாட வேண்டும். டானுக்கு அந்தச் சின்னப் பெண்ணின் எதிரில் எப்படி உட்காருவது, கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. சார்லி தன் நண்பன் ஜிம்மி லஞ்ச்பாக்ஸைக் கூப்பிடுகிறான். குழந்தைகள் நிகழ்ச்சிகளில் பிரபலமான ஆள், நடித்தவர் பெர்னி மேக். அவன் டானுக்கும் சார்லிக்கும் ஒரு விசித்திர உடையை மாட்டிவிடுகிறான். சார்லி வேறோர் இடத்தில் இருந்தபடி கையை அசைத்தால் டானின் கை அசையும். அதாவது மகளோடு விளையாடும் அப்பாவை இன்னொருவர் பொம்மலாட்டம் மாதிரி இயக்குகிறார்.

விமர்சனங்களில் பொதுவாக இதையும் அபத்தப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். எனக்கு இந்தப் படத்தின் ஒரே அசலான யோசனை இதுதான். குழந்தைகளோடு பழக்கமே இல்லாத ஆணுக்கு முதலில் தடையாக நிற்பது அவனுடைய உடம்புதான். தரையில் சம்மணம் போட்டு உட்காரக் கூச்சம், காலிக் கோப்பையில் இருந்து டீ குடிப்பதாக நடிக்கக் கூச்சம், குரலை மாற்றிப் பேசக் கூச்சம். பாசம் இல்லாததால் இல்லை, யாரும் அவனை அப்படி இருக்கப் பழக்கவே இல்லை. அதை ஒரு இயந்திர உடையாகக் காட்டியது நல்ல கற்பனை. அப்புறம் அந்த உடை பழுதாகிறது. கைகால் தாறுமாறாக ஆடுகிறது. இனி யாரும் இயக்க முடியாது என்ற நிலையில் டான் தானாகப் பேசத் தொடங்குகிறான், மனசில் இருந்து பேசுகிறான். எமிலி அவனை ஏற்றுக்கொள்வது அப்போதுதான்.

ராபின் வில்லியம்ஸ் எப்பேர்ப்பட்ட நடிகர் என்பது அந்தச் சில நொடிகளில் தெரிகிறது. எந்தச் சேட்டையும் இல்லாமல் முகம் சட்டென்று அடங்குகிறது. கேமரா அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் படத்துக்குப் பொறுமை இல்லை. டான் பேசுவதைக் கேட்டு ஜிம்மி உணர்ச்சிவசப்படுகிற காமெடிக்குத் தாவிவிடுகிறது. அந்தத் தருணத்தின் மேல் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை.

1979-ல் வந்த 'கிராமர் வெர்சஸ் கிராமர்' இதே மாதிரி ஒரு அப்பாவைப் பற்றியதுதான். மனைவி விட்டுப்போன மறுநாள் காலையில் டஸ்டின் ஹாஃப்மன் மகனுக்கு ஃப்ரெஞ்ச் டோஸ்ட் செய்கிறார். காபி கோப்பையில் முட்டையை உடைத்து ஊற்றுகிறார். ரொட்டி அதற்குள் நுழையாது, மடித்துத் திணிக்கிறார். வாணலி கையைச் சுடுகிறது, எல்லாம் கீழே போகிறது. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, படத்தின் முடிவில், அதே சமையலறையில் அதே ஃப்ரெஞ்ச் டோஸ்ட். அப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒருவர் முட்டையை உடைக்கிறார், ஒருவர் கலக்குகிறார், கைக்குக் கை வேலை நகர்கிறது. இடையில் எத்தனை காலைகள் போயிருக்கும் என்பதை அந்த ஒரு காட்சியே சொல்லிவிடுகிறது. அப்பா ஆவது என்றால் அதுதான். திரும்பத் திரும்பச் செய்த வேலை.

'அது சீரியஸ் படம், ஆஸ்கர் வாங்கிய படம், இது காமெடி, இரண்டையும் ஒப்பிடலாமா' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சரி, காமெடியையே எடுப்போம். லியனார்ட் நிமாய் இயக்கிய 'த்ரீ மென் அண்ட் எ பேபி', 1985-ல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தின் ரீமேக். 1987-ல் வெளியான படங்களில் அமெரிக்காவில் அதிகம் வசூலித்தது அதுதான். வாசலில் ஒரு கைக்குழந்தை, வீட்டில் மூன்று பிரம்மச்சாரிகள். டயபர் மாட்டத் தெரியாமல் தடுமாறும் காட்சியில் தியேட்டரே சிரித்திருக்கும். போதைப்பொருள் கும்பல், போலீஸ் என்று அந்தப் படத்திலும் தேவையில்லாத கிளைக்கதை உண்டு. ஆனாலும் குழந்தையைத் தூக்குவது, தூங்கவைப்பது, அழுதால் பதறுவது என்று தினசரி வேலையை அது விடவே இல்லை. அதனால்தான் குழந்தை போன பிறகு அந்த வீடு நமக்கும் வெறிச்சென்று இருக்கிறது. காமெடி என்பதால் இதைக் காட்ட முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இதில் எனக்கு வருத்தமான இன்னொரு விஷயம், ராபின் வில்லியம்ஸ் இதை ஏற்கனவே செய்து காட்டியவர். 1993-ல் 'மிஸஸ் டவுட்ஃபயர்'. பிள்ளைகளைச் சனிக்கிழமை மட்டும்தான் பார்க்கலாம் என்று கோர்ட் சொன்ன பிறகு, கிழவி வேஷம் போட்டுத் தன் பிள்ளைகளுக்கே ஆயாவாக வேலைக்குச் சேர்கிற அப்பா. கதை நம்ப முடியாததுதான். ஆனால் வேஷம் போட்ட பிறகு அவர் சமைக்கக் கற்றுக்கொள்கிறார், வீட்டை ஒழுங்காக வைக்கக் கற்றுக்கொள்கிறார், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தில் கண்டிப்பாக இருக்கக் கற்றுக்கொள்கிறார். அப்பாவாக இருந்தபோது செய்யாததை எல்லாம் ஆயாவாகச் செய்கிறார். அப்படி ஒரு நடிகரைக் கூட்டிவந்து மாத்திரை மாறிப்போன காமெடியில் தள்ளாட விட்டிருக்கிறார்கள்.

அந்த மாத்திரை காமெடியைக் கவனியுங்கள். இருவருடைய மருந்துகளும் கொட்டிக் கலந்துவிடுகின்றன. ஒருவனுக்கு முகம் இழுத்துக்கொள்கிறது, இன்னொருவன் ஜப்பானிய அதிகாரிகளோடு கோல்ஃப் ஆடும்போது நிதானம் இழக்கிறான். இவர்களைத் தாத்தாக்கள் என்று நினைப்பது இன்னொரு ஜோக். வயதானவர்கள் என்றால் மாத்திரை, மறதி, அவ்வளவுதான். ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒருவனுக்கு ஏழு வயதில் பிள்ளைகள் கிடைத்தால், இவர்கள் காலேஜ் முடிக்கும்போது நான் நடமாடிக்கொண்டு இருப்பேனா என்ற பயம் வராதா? அந்தப் பயத்தில் இருந்தும் நல்ல சிரிப்பை எடுத்திருக்கலாம். பிள்ளைகளோடு போகும் முகாம் காட்சியில் இரண்டு ஆண்கள் சேர்ந்து குழந்தை வளர்த்தால் அவர்கள் ஜோடிதான் என்று வைத்துச் செய்யும் கேலி, 2009-லேயே பழசு.

விக்கிக்கு வருவோம். கெல்லி பிரஸ்டன் நடித்த அந்தப் பாத்திரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏழு வருஷம் இரட்டைக் குழந்தைகளைத் தனியாக வளர்த்தவள். முதல் காய்ச்சல், முதல் நாள் பள்ளிக்கூடம், ராத்திரி அழுகை, எல்லாவற்றையும் ஒருத்தியாகவே சமாளித்தவள். படம் அவளை என்ன செய்கிறது? சிறைக்கு அனுப்பி ஓரம் கட்டுகிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாக இருந்த அவளுடைய தோழியின் கைகளை டான் கவனிக்காமல் கார் டிக்கியில் நசுக்கிவிடுகிறான், அவளும் ஒதுங்கிவிடுகிறாள். இரண்டு பெண்களையும் அப்புறப்படுத்திய பிறகுதான் ஆண்களின் தியாகக் கதை தொடங்குகிறது. ஏழு வருஷம் பார்த்துக்கொண்டவளுக்கு ஒரு காட்சிகூட இல்லை. இரண்டு வாரம் பார்த்துக்கொண்டவனுக்கு முழுப்படம், கைதட்டல், முடிவில் அவளுமே கிடைக்கிறாள்.

இது இந்தப் படத்தின் வியாதி மட்டும் இல்லை. அப்பா குழந்தைக்குச் சோறு ஊட்டினால் 'எவ்வளவு நல்ல அப்பா' என்கிறோம். அம்மா ஊட்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வேண்டா வெறுப்பாக அப்பா ஆனவனின் கதை என்றாலே, அவன் வந்து நின்றதற்கே மாலை போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் டானின் பெரிய தருணம் டோக்கியோவில் நடக்கிறது. டீல் கையெழுத்தாகும் நேரத்தில், எனக்கு என் பிள்ளைகள்தான் முக்கியம் என்று எழுந்து வருகிறான். விமானம், ஓட்டம், மிருகக்காட்சிசாலைக்குள் திருட்டுத்தனமாக நுழைவது, பிறந்தநாள் விழாவில் பறந்து வந்து இறங்கப் பார்ப்பது. எல்லாம் ஒரே மூச்சில் செய்யும் சாகசம். பிள்ளைகளுக்கு வேண்டியது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் இருக்கிற அப்பா.

விமர்சகர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான். திரைக்கதையை அடிக்க வேண்டிய இடத்தில் நடித்தவர்களை அடித்தார்கள். இந்தப் படத்தைச் சுற்றி நிஜத்தில் இருந்த துக்கம் கொஞ்சம் இல்லை. பெர்னி மேக் 2008 ஆகஸ்டில் இறந்துபோனார், அவர் நடித்துக் கடைசியாக வெளிவந்த படம் இதுதான். டிரவோல்டா, கெல்லி பிரஸ்டன் தம்பதியின் மகன் ஜெட், 2009 ஜனவரியில் பதினாறு வயதில் இறந்தான். எமிலியாக நடித்தது அவர்களுடைய மகள் எல்லா ப்ளூ. படம் பெர்னி மேக்குக்கும் ஜெட்டுக்கும் சமர்ப்பணம். அந்த வருஷம் அந்த அம்மாவுக்கு மோசமான துணை நடிகை என்று ஒரு பரிந்துரை, அதுவும் எழுதப்படவே இல்லாத ஒரு பாத்திரத்துக்காக. 2014-ல் ராபின் வில்லியம்ஸும் 2020-ல் கெல்லி பிரஸ்டனும் போய்விட்டார்கள். இப்போது பார்க்கும்போது அந்த முகங்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

இயக்குநர் வால்ட் பெக்கர் இதற்கு முன் டிரவோல்டாவை வைத்து எடுத்த 'வைல்ட் ஹாக்ஸ்' பெரிய வசூல். அதே பாணியில் இன்னொன்று என்றுதான் டிஸ்னி போனது. சுமார் 35 மில்லியன் டாலர் செலவில் எடுத்த இந்தப் படமும் உலகம் முழுக்க 96 மில்லியனுக்கு மேல் வசூலித்தது. ஆக, விமர்சனத்தால் யாரும் பாடம் கற்றிருக்க வாய்ப்பில்லை.

கதையிலேயே ஒரு நல்ல விஷயம் சும்மா கிடக்கிறது. டான் குடியிருக்கிற அபார்ட்மென்டில் குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது. தனக்குப் பிள்ளைகளே வேண்டாம் என்று முடிவு செய்து அவன் தேர்ந்தெடுத்த வாழ்க்கைக்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா? அந்த விதியைப் படம் எல்லோரையும் சார்லி வீட்டுக்கு மாற்றுவதற்கான சாக்காக மட்டும் வைத்துக்கொண்டு விட்டுவிடுகிறது. அந்த வீட்டை அவன் காலி செய்வதைச் சுற்றியே படத்தை எடுத்திருக்கலாம். எதை எடுத்துக்கொள்கிறான், எதைத் தூக்கிப் போடுகிறான், புது வீட்டில் யாருக்கு எந்த அறை என்று அந்த இரண்டு பிள்ளைகளும் எப்படி அடித்துக்கொள்கிறார்கள். கொரில்லாவையும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும்.