தண்ணீர் குடித்துத் தீராத வறட்சி

என் சின்னம்மா புட்டைச் சொதியில் ஊறவிட்டுக் குழைத்துத்தான் உண்பார். இல்லாவிட்டால் கவளம் அண்ணத்தில் மாவாக ஒட்டிக்கொள்ளும். செம்புத் தண்ணீர் பக்கத்தில் இருந்தால்தான் விழுங்குவார். கண்ணுக்குள் மணல் கிடப்பதுபோல் இருக்கிறது என்றும் சொல்வார். வன்னி வெயிலும் சோளகக் காற்றும் அறிந்த நாங்கள், "தண்ணியைக் கூடக் குடியுங்கோ" என்றே மூன்று ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தோம். சீனி வருத்தமோ என்று குருதியையும் பார்த்தார்கள், அது இல்லை. கடைசியில் உறுதியானது, உடலின் நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்ப்பு, தன் சுரப்பிகளையே தாக்கும் ஷோகிரன் நோய்.

சுவீடனின் கண் வைத்தியர் ஹென்றிக் ஷோகிரன் 1933இல் கண் உலர்ந்த 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. அன்றே இது கண்ணோடு நிற்கும் நோயல்ல என்பது தெரிந்துவிட்டது.

இரணைமடுக் குளம் முட்ட நிறைந்திருந்தாலும் அதன் மதகான துருசு திறபடாவிட்டால் வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும். உமிழ்நீர்ச் சுரப்பியில் அந்தத் துருசைக் கெடுப்பது நாட்பட்ட அழற்சி. வைரசு புகுந்தால் எழவேண்டிய இன்டர்பெரோன் என்னும் எச்சரிக்கைப் புரதம் இங்கே ஓயாமல் சுரக்கிறது. அதன் தூண்டலால் சுரப்பியின் மேலணிக் கலங்களே பாஃப் என்ற புரதத்தை வெளியிட, அது பிறபொருளெதிரிகளை ஆக்கும் வெண்குருதிக் கலங்களான பி கலங்களை நெடுநாள் வாழவைக்கிறது. பி கலங்களின் வழியே உடலின் சொந்தப் புரதங்களான ரோ, லா என்பவற்றுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உருவாகின்றன, அவை ஆர்.என்.ஏ.யோடு கூடிய அந்தப் புரதங்களில் ஒட்டிச் சேர்ந்த கூட்டு, மறுபடியும் இன்டர்பெரோனையே கிளப்புகிறது. எரிகிற அடுப்பு தன் விறகைத் தானே வெட்டிக்கொள்வது போன்ற வேலை இது.

"அழற்சிதானே, ஒரு மருந்தால் அடக்கலாம்" என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. முடக்குவாத மூட்டழற்சியில் நன்கு வேலைசெய்யும், டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகளான இன்ஃபிளிக்சிமாபும் எட்டனெர்செப்டும் இந்நோய்க்கான ஆய்வுகளில் பலன் தரவில்லை. அழற்சி என்ற பெயர் ஒன்றானாலும் உள்ளே ஓடும் இயக்கம் வேறு. பி கலங்களின் இந்த ஓயாத கிளர்ச்சியே சிலருக்கு நிணநீர்ப் புற்றாகவும் மாறுவதால், காதடிச் சுரப்பி வீங்கி வற்றாமல் நின்றால் உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

2002இல் வெளியான நோயறி வரையறையில் உள்ள கேள்விகளைப் பிறகு வாசித்தேன். மூன்று மாதங்களுக்கு மேலாக நாள்தோறும் வாய் உலர்கிறதா? உலர்ந்த உணவை விழுங்கத் தண்ணீர் வேண்டுமா? கண்ணில் மணல் விழுந்த உணர்வு வருகிறதா? சின்னம்மா எங்கள் குசினித் திண்ணையில் இருந்து இவற்றுக்கெல்லாம் மூன்று ஆண்டுகள் விடை சொல்லிக்கொண்டிருந்தார்.