"பொடியள் விருப்பத்தோடதான் வேலை செய்யிறாங்கள்"

யாழ்ப்பாணத்தில் ஹோட்டல், விடுதி நடத்துகிற முதலாளிமாரிடம் சம்பளத்தைப் பற்றிக் கதைத்தால் வருகிற பதில்தான் மேலே உள்ளது. பொடியளைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவார்கள். "காசு கொஞ்சம்தான் அண்ணை, ஆனா நல்ல அனுபவம்." இதை அவர்களுடைய திருப்திக்குச் சாட்சியாக எடுப்பது பிழை என்று நினைக்கிறேன்.

1959இல் லியோன் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பலகையில் உள்ள முளைகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மாணவர்களுக்கு அலுத்துப்போகும் வேலை. முடிந்ததும், அடுத்து வருகிறவரிடம் "நல்ல சுவாரசியமாக இருந்தது" என்று சொல்லச் சொன்னார்கள். அதற்குச் சிலருக்கு 1 டொலர், சிலருக்கு 20 டொலர். கடைசியில், வேலை பிடித்திருந்தது என்று கூடுதலாகச் சொன்னவர்கள் 1 டொலர் வாங்கியவர்கள்தான்! 20 டொலர் வாங்கியவருக்குப் பொய் சொன்னதற்குக் காரணம் கையிலேயே இருக்கிறது. மற்றவருக்கு அது இல்லை. சொன்னதும் நினைப்பதும் முட்டும்போது, நினைப்பை மாற்றிக்கொள்வதுதான் மனதுக்குச் சுலபம்.

இப்போது நல்லூர்த் திருவிழாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை. விரதம் பிடிக்கிற பிள்ளை ஹோட்டலில் நண்டுக் கறியும் பியரும் கொண்டுபோய் வைத்து, ருசி எப்படி என்று சிரித்த முகத்தோடு கேட்க வேண்டும். ரிசப்சனில் நிற்கிற தங்கச்சிக்கு, ஓர் இரவு அறை வாடகை தன் சம்பளத்தில் எத்தனை நாளுக்குச் சமம் என்று நன்றாகத் தெரியும். பில் அடிப்பதே அவள்தானே. வெளிநாட்டில் இருந்து வந்த நம்மவர்களே சிலவேளை எல்லோர் முன்னாலும் ஏசுவார்கள். அதற்கும் "சொறி சேர்" என்று சிரிப்பு. இதையெல்லாம் தினமும் தாங்க வேண்டுமென்றால், "இந்த வேலை எனக்குப் பிடிக்கும்" என்று நம்பத்தான் வேண்டும். அப்படி நம்புகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த நம்பிக்கையைக் காட்டிச் சம்பளத்தைக் குறைவாகவே வைத்திருப்பதுதான் எனக்குக் கோபம்.

உண்மை தெரிய வேண்டுமென்றால் வேலையை விட்டுப் போனவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு இனி எதையும் நியாயப்படுத்தத் தேவையில்லை. அப்புறம், பில்லில் போடுகிற 10% சேர்விஸ் சார்ஜில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வருகிறது என்று சம்பளத் துண்டில் எழுதிக் கொடுங்கள். விரதக்காரரைத் திருவிழா முடியும்வரை மரக்கறிப் பக்கமோ அறைப் பக்கமோ மாற்றிவிடுங்கள், டியூட்டி லிஸ்ட் போடும்போதே இதைச் செய்யலாம்.