சீட்டின் பின்பக்கம்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் மழை பிடித்தால் எந்த நாளில் பஸ் ஓடும், எந்த நாளில் ஓடாது என்று சொல்ல முடியாது. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பயம். 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்த மலை மறக்கவில்லை. மனநல சிகிச்சையில் இருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், மழைக்கு முன்பே அவருடைய ஓபி சீட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் மாத்திரைப் பெயர்கள் இருக்கும். பின்பக்கம் அநேகமாகக் காலியாக இருக்கும். அன்றாடச் சிறு வேலைகள், முன்னறிகுறிகள், கூப்பிட வேண்டியவர்கள் என்று அந்தப் பக்கத்தை நிரப்புவதும் சிகிச்சைதான் என்பது என் உறுதியான கருத்து.

"தைரியமா இரு, மனசைத் தேத்திக்கோ" என்று சொல்வதால் அது நிரம்பாது. பச்சைத் தேயிலை விலை விழுந்து கடன் ஏறிய வீட்டில் மூச்சுப் பயிற்சி கடனை அடைக்கப் போவதில்லை. தாங்கிக்கொள்ளச் சொல்வது வேறு, மீண்டு எழ வழி செய்வது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட 'பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்' என்ற முறை இந்த இரண்டாவதைச் செய்கிறது. வாரம் ஒன்றாக ஐந்து அமர்வுகள். மனநல மருத்துவர்தான் நடத்த வேண்டும் என்பதில்லை, முறையான பயிற்சியும் மேற்பார்வையும் உள்ள ஊர்க்காரரே நடத்தலாம். மனநல மருத்துவரைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டிய நமக்கு இதைவிடப் பொருத்தமானது வேறென்ன?

அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, விட்டுப்போன வேலைகளைத் திரும்பத் தொடங்குவது. மனச்சோர்வில் இருப்பவர், "மனசு சரியானதும் செய்றேன்" என்பார். வரிசை தலைகீழ். செய்யச் செய்யத்தான் மனசு மெல்ல அசையும். கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்திவிட்ட அக்காவிடம் "நாளைக்கே வேலைக்குப் போ" என்றால் நிச்சயம் தோற்கும். காலை ஏழு மணிக்கு டீ டம்ளரோடு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் பத்து நிமிடம் நிற்கட்டும், அது போதும். மேகமூட்டத்திலும் வெளி வெளிச்சம் வீட்டு பல்பைவிடப் பல மடங்கு அதிகம், தூக்கம் சீராக அது உதவும். நான்கு நாள் கழித்துப் பக்கத்து வீடு வரை. செய்வதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு எண் எழுதச் சொல்லுங்கள். மூன்று என்பது நான்காக ஏறினால்கூட அது அவர் கண்ணால் பார்க்கும் சாட்சி.

இது கெடுவது பெரும்பாலும் மழையில்தான். வெயில் நாளில் போட்ட திட்டம் மஞ்சு இறங்கியதும் நின்றுவிடும், "இதையும் என்னால முடியல" என்று அவர் இன்னும் சுருங்குவார். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்திலேயே ஒரு மழைநாள் வேலையை எழுதுங்கள்: நடைக்குப் பதில் திண்ணையில் கீரை ஆய்வது, நேரில் போவதற்குப் பதில் தங்கைக்கு ஒரு போன்.

மூச்சுப் பயிற்சிக்கு நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது, ஐந்து நிமிடம். பலர் வேகமாக ஆழ இழுத்து விடுவதால்தான் தலை சுற்றி, விரல் மரத்துப் பயந்துபோகிறார்கள். மெதுவாக விடுவதே முக்கியம். நல்லாயிருக்கும்போது பழகினால்தான் பதற்றத்தில் கைகொடுக்கும்.

மாத்திரை விஷயம். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நல்லானதும் நிறுத்தக் கூடாது, அதற்குப் பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். அதனால் மழைக்கு முன் இரண்டு வார மாத்திரை கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். ஆனால் தற்கொலை எண்ணம் உள்ளவரிடம் அந்தக் கையிருப்பைக் கொடுக்கக் கூடாது, வீட்டில் இன்னொருவர் வைத்து அன்றாடம் எடுத்துக் கொடுக்க வேண்டும். களைக்கொல்லி, பூச்சிமருந்து டப்பாவுக்கும் பூட்டு போட்டு, சாவியை வேறு ஆளிடம் கொடுங்கள். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் உடம்புவலிக்குக் கடையில் வலிமாத்திரை வாங்கிப் போடக் கூடாது, புரூஃபென் போன்றவை ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். வாந்திபேதியிலும் இதே ஆபத்து. கை நடுக்கம் கூடினாலோ, நடை தள்ளாடினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டி ரத்தம் பார்க்க வேண்டும்.

கடைசியாக, அவருக்கே உரிய முன்னறிகுறிகள். ஒருவருக்கு இரண்டு ராத்திரி தூக்கம் போவது, இன்னொருவருக்கு ஹட்டியில் (படுகர் ஊர்) விசேஷத்துக்கே போகாமல் இருப்பது, வேறொருவருக்கு ஓயாத பேச்சும் கைமீறிய செலவும். நல்லாயிருக்கும்போது அவரையே சொல்லச் சொல்லி, அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். கீழே, முதலில் யாரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் யாரை, மருத்துவமனைக்கு யாருடைய ஜீப். அதற்கும் கீழே 14416 - டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண், இரவும் பகலும் தமிழில் பேசலாம், காசில்லை.

ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டத்தின் பையில் மனநல மாத்திரையும் தவறாமல் வர வேண்டும் என்று கிராம சபையில் கேளுங்கள். எழுதிய சீட்டை ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே வையுங்கள். மழையில் நனையாது, அவசரத்தில் தேடவும் வேண்டாம்.