ஒரு வாளிப் பித்தளை

டெக்சாஸ் துப்பாக்கிச் சுடுகளத்தில் ஆசையாகப் பொறுக்கி வந்த காலிப் பித்தளைத் தோட்டாக்கூடுகள் ஒரு வாளி நிறைய. வெடிமருந்து நிரப்பி மறுபடி சுடலாமே! காந்தத்தைக் காட்டினால் வேண்டாத எஃகுக்கூடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், சரி. அப்புறம்தான் தலைவலி. .223, 5.56 என்ற இரண்டு தோட்டா வகைகளும் கண்ணுக்கு ஒரே அச்சு. அடிப்பக்க எழுத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடி, அதன்மேல் பூதக்கண்ணாடி. வட்டத்துக்குள் சிலுவை இருந்தால் நேட்டோ ராணுவச் சரக்கு. பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் குப்பி) உட்காரும் குழியின் விளிம்பை நசுக்கிப் பூட்டியிருப்பார்கள்; அதைச் சுரண்டாமல் புது பிரைமர் நுழையாது. பிரித்து முடித்தேன் என்று நிமிர்ந்தால், பெரிய .308 கூடு ஒன்றைக் குலுக்கும்போது 'கிலுகிலு' சத்தம். உள்ளே ஒரு குட்டி .22 கூடு சுகமாகக் குடியிருக்கிறது! இப்போது மொத்த வாளியையும் ஒவ்வொன்றாகக் குலுக்கிக்கொண்டிருக்கிறேன்.