சைக்கிள் பாதையை நீக்கியதற்கு ஒரு சபாஷ்

பிரிட்டனின் தேசிய சைக்கிள் பாதை வலையமைப்பில் கிட்டத்தட்ட கால் பங்கை 2020-இல் நீக்கினார்கள் அல்லது வகை மாற்றினார்கள் அல்லவா, அதைச் சொல்லி இன்றைக்கும் யாராவது புலம்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். "இருந்ததையும் பிடுங்கிட்டாங்க" என்று. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்த வலையமைப்பைக் கவனிக்கும், அப்போது சஸ்ட்ரான்ஸ் என்ற பெயரில் இருந்த தொண்டு அமைப்பு செய்த வேலைகளிலேயே நாணயமானது அதுதான் என்பேன்.

1977-இல் பிரிஸ்டலில் ஒரு சின்னக் குழுவாகத் தொடங்கியவர்கள். ரயில் ஓடாமல் கிடந்த தடத்தில் பிரிஸ்டலிலிருந்து பாத் நகரம் வரை சைக்கிள் பாதை போட்டார்கள். இன்றும் அதில் நிம்மதியாக ஓட்டலாம். 1995-இல் லாட்டரி நிதியிலிருந்து 4 கோடிப் பவுண்டுக்கு மேல் கிடைத்ததும் கதை மாறியது. 2000-க்குள் நாடு முழுக்கப் பாதை என்று இலக்கு. கெடு வைத்து மைல் கணக்குக் காட்டச் சொன்னால் என்ன நடக்கும்? எங்கே தனிப் பாதை போட இடமில்லையோ, அங்கே கார் ஓடும் சாலையிலேயே சைக்கிள் பாதைப் பலகையை நட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

2018-இல் அவர்களே ஒரு மறுஆய்வு வெளியிட்டார்கள். மொத்தம் 16,575 மைல். அதில் வாகனம் வராத பாதை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 42 சதவீதம் 'மோசம்', 4 சதவீதம் 'மிக மோசம்' என்று தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். இனி வைக்கப்போகும் அளவுகோலும் எனக்குப் பிடித்தது: விவரம் தெரிந்த 12 வயதுப் பிள்ளை தனியாக ஓட்டிப் போக முடியுமா? முடியாத இடங்களில் 753 மைலை 2020-இல் அடியோடு எடுத்தார்கள். இன்னும் கிட்டத்தட்ட 3,000 மைலை, பழகியவர்கள் மட்டும் போகலாம் என்று வேறு வகையில் சேர்த்தார்கள்.

உள்ளூர்க்காரருக்குப் பலகை தேவையில்லை, எந்தச் சாலையில் லாரி பறக்கும் என்று அவருக்கே தெரியும். நீலப் பலகையில் சைக்கிள் படம், சிவப்புக் கட்டத்தில் எண், இதை நம்பித் திரும்புவது வெளியூரிலிருந்து பிள்ளைகளோடு வந்தவர்தான். பலகை இல்லாவிட்டால் அவர் நின்று யாரையாவது கேட்பார். தப்பான சாலையில் பலகை இருந்தால் கேட்காமலே போய் மாட்டுவார்.

"எல்லார் கையிலும் போன் இருக்கே, பலகை எதுக்கு?" என்று கேட்பவர்கள் இங்கிலாந்து மழையில் கையுறையோடு தொடுதிரையைத் தேய்த்துப் பார்த்ததில்லை போல. தவிர, எப்போதோ போனில் தரவிறக்கிய ஜிபிஎக்ஸ் என்ற வழித்தடக் கோப்பு, நீக்கப்பட்ட சாலைக்கே இன்னமும் ஆளை அனுப்பும்.

என் குறையெல்லாம் அதற்கு அடுத்த கட்டத்தில்தான். வரைபடம் திருந்தியது, சாலை அப்படியே கிடக்கிறது. நிலமும் சாலையும் பெரும்பாலும் கவுன்சில்கள் என்ற உள்ளாட்சி அமைப்புகளுடையவை; ஒரு தொண்டு அமைப்பு கெஞ்சத்தான் முடியும். பாதைகளில் 16,000-க்கும் மேல் தடுப்புகள் இருப்பதாக அதே 2018 ஆய்வு சொன்னது. மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்காக வைத்தவை பல. சக்கர நாற்காலியும் பிள்ளைகளை ஏற்றும் சரக்கு சைக்கிளும்தான் அவற்றில் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

பலகைப் பராமரிப்பு பெரும்பாலும் தன்னார்வலர்கள் தலையில். ஜூன் மாதம் புதர் வளர்ந்து பலகையை மூடிவிடும். சாலை வேலைக்கு வந்தவர்கள் கம்பத்தைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் போவார்கள். எவனாவது விளையாட்டுக்கு அம்பைத் திருப்பி வைப்பான். ஓய்வு பெற்ற பெரியவர்கள் பையில் ஸ்டிக்கரும் கத்தரியும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் சரிசெய்து வருகிறார்கள். அவர்களுக்குக் கைகூப்பலாம். ஆனால் ஒரு நாட்டின் பாதை வலையமைப்பை இப்படியா நடத்துவது?

குறைப்பது தோல்வி என்று நினைப்பவர்கள் நெதர்லாந்தைப் பார்க்கட்டும். சந்திப்புக்குச் சந்திப்பு எண் போட்டு வழிகாட்டும் முறை பெல்ஜியத்திலிருந்து வந்து அங்கே பரவிய பிறகு, எல்எஃப் என்ற நீண்டதூரப் பாதைகளில் பலவற்றை அவர்களே கைவிட்டுச் சிலவற்றை மட்டும் நன்றாக வைத்துக்கொண்டார்கள். சைக்கிள் தேசமே செய்ததை நாம் செய்தால் மட்டும் கௌரவக் குறைச்சலா?

புதிய மைல் எதுவும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பகுதியையும் கடைசியாக எந்த மாதம், எந்த வருடம் ஒருவர் ஓட்டிப் பார்த்துச் சரிபார்த்தார் என்று வரைபடத்திலேயே போடுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் யாரும் போய்ப் பார்க்காத பகுதியைச் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள். பலகை பார்க்கும் தன்னார்வலருக்குப் பெட்ரோல் காசையாவது கவுன்சில் கொடுக்கட்டும்.